ஐந்தரை மணிக்கும் சூரியனுக்கும் நடுவே

அவரிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் வரும். நான் அவரை அறிந்திருந்த நான்கு வருஷத்தில் ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் அவர் கடையில் உட்கார்ந்திருந்தவன் நான். பண்டிகை, மழை, என் முழங்கால் வலி எல்லாவற்றையும் கழித்தாலும் ஆயிரம் நாள் தேறும். ஆயிரம் நாளில் ஒரு மனிதன் ஒரு தடவையாவது தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டாமா?

கடை சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோவில் மதிலிலிருந்து என் நடையில் நானூற்றுப் பதினாறு எட்டு. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதி அட்டை எல்லாம் அடித்துத் தருவார். இன்டர்நெட்டும் பார்க்கலாம். தபாலாபீசில் முப்பத்து நான்கு வருஷம் தினமும் காலையில் முத்திரையில் தேதி மாற்றி ஓய்வுபெற்றவன் நான். அவர் அடித்த பத்திரிகை ஒன்று வீட்டுக்கு வந்தது. அதில் பதினொரு பிழை. மறுநாள் போய்ச் சொன்னேன். “உக்காருங்க சார்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அடுத்த பத்திரிகையைக் கையில் கொடுத்தார். அப்படித்தான் அவருக்குப் பிழை திருத்துகிறவன் ஆனேன்.

அவர் திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பம். இருட்டினால் சாப்பிடமாட்டார். தினமும் சாயங்காலம் சூரியன் மறைவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் கடையில் யார் இருந்தாலும், எந்த வேலை பாதியில் நின்றாலும், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவிடுவார். அஸ்தமன நேரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் மனப்பாடமாகச் சொல்வார். உதய நேரத்தைப் பற்றி அவருக்கு எந்த அக்கறையும் இல்லை. விடிகிற நேரம் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை, அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

பத்திரிகைத் தொழிலில் முக்கால் தொல்லை தேதியில்தான் இருக்கிறது. ஆங்கிலத் தேதி போட்டால் போதாது. தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை எல்லாம் வேண்டும். ஒரு தடவை புதன்கிழமைக் கல்யாணத்துக்குச் செவ்வாய் என்று அடித்துவிட்டார். அறுநூறு பத்திரிகையும் ஊருக்குள் போய்விட்டது. பெண்ணின் அப்பா கடை வாசலில் நின்று கத்தினார். இவர் பதறவில்லை.

“செவ்வாய்ன்னு போட்டா இன்னாபா? ஒரு நாள் முன்னாடியே வருவாங்க. வேலைக்கு ஆள் கெடைக்கும்ல?”

நாற்பது பேர் உண்மையிலேயே ஒரு நாள் முன்னால் வந்து காய்கறி நறுக்கினார்களாம். அதைச் சொல்லிக்கொண்டு அவர் ஆறு மாதம் திரிந்தார். ஏதோ அந்தக் கல்யாணத்தையே அவர்தான் தூக்கி நிறுத்தியதைப்போல.

அதற்குப் பிறகுதான் அந்த வெப்சைட்டைக் கட்ட ஆரம்பித்தார். ஆங்கிலத் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை, திதி சொல்லும். புரோகிராம் எழுதுவதை அவர் ஒரு பழைய புத்தகத்திலிருந்து கற்றார். அதில் முதல் முப்பத்திரண்டு பக்கம் இல்லை. அந்தப் பக்கங்களில் இருந்தது எதுவோ அது அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

முதலில் வந்த சைட்டில் 1970க்கு முன் பிறந்த எல்லாரும் 1970 ஜனவரி ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை, சௌமிய வருஷம் மார்கழி மாதம் பிறந்தவர்களாக ஆனார்கள். என்னைப் போட்டேன், மார்கழி. என் மூத்த அண்ணாவைப் போட்டேன், அவரும் மார்கழி. செத்துப்போன என் அப்பாவும் அதே வியாழக்கிழமைதான் பிறந்திருந்தார். காரணம் கேட்டேன். கம்ப்யூட்டருக்கு உள்ளே நாளும் மாதமும் கிடையாது, அந்தத் தேதியிலிருந்து எத்தனை விநாடி ஓடியிருக்கிறது என்று ஒரே ஒரு எண்ணைத்தான் வைத்திருக்கும் என்றார். நூற்றைந்து கோடியைத் தாண்டிய எண். எனக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்காகவே சைட்டில் கீழே இன்னொரு பெட்டி வைத்தார். விநாடியைப் போட்டால் தேதி வரும், தேதியைப் போட்டால் விநாடி வரும். காஞ்சிபுரத்தில் அந்தப் பெட்டியை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

1970க்கு முந்தினவர்களைப் பிறகு சரிசெய்தார். நாங்கள் எல்லாம் கழித்தல் குறி போட்ட எண்கள் ஆனோம்.

ஒருநாள் சோதனைக்காகப் பிப்ரவரி முப்பது என்று அடித்தேன். யோசிக்காமல் மார்ச் இரண்டு, மாசி பதினெட்டு என்று வந்தது.

“பிப்ரவரிக்கு முப்பது ஏது?” என்றேன்.

“கேட்டது நீங்கதானே சார்.”

“இல்லாத தேதின்னு சொல்ல வேண்டியதுதானே.”

“அப்படிச் சொன்னா வந்தவங்க மனசு என்னா ஆவும்? முப்பதுன்னு அடிக்கிறவன் மனசுல ஏதோ ஒரு நாளு இருக்குது. கிட்டத்துல ஒண்ணக் காட்டிட்டா போதும், எடுத்துக்கினு போயிடுவான்.”

சைட்டின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் தினமும் குறித்து வைப்பேன். முதல் நாளே ஆயிரத்து மூன்று என்றிருந்தது. ஆயிரத்து மூன்று பேரா என்று கேட்டேன். மூன்று பேர்தான், பூச்சியத்திலிருந்து ஆரம்பித்தால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று ஆயிரத்திலிருந்து ஆரம்பித்தேன் என்றார். அந்த மூன்றில் இரண்டு நான்.

ஆனால் ஆட்கள் வந்தார்கள், அதை மறைக்கக்கூடாது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அப்பா அம்மாவின் திதி எந்த நாளில் வருகிறது என்று பார்க்க அந்த சைட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எங்கள் தெரு வாத்தியார்களும் பிடித்துக்கொண்டார்கள். திதி, கல்யாணம் செய்துவைக்கிற புரோகிதர்களை நாங்கள் வாத்தியார் என்போம். தெருவில் ஐந்து வாத்தியார். அதில் மூன்று பேர் பஞ்சாங்கத்தைப் பிரிப்பதையே விட்டுவிட்டு இவர் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

அவர்கள் நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் வழக்கத்தில் நாள் பிறப்பது நள்ளிரவில் அல்ல, சூரிய உதயத்தில். திங்கட்கிழமை இரவு கழிந்து விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு குழந்தை பிறந்தால் காலண்டர் செவ்வாய் என்னும்; வாத்தியார் திங்கள் என்பார். சைட்டும் திங்கள் என்றது. தெருவில் மூத்த வாத்தியார் இதை நான்கு தடவை சோதித்துவிட்டு அசந்துபோனார்.

“மெஷினுக்கு உதயம்கூடத் தெரியறதே” என்றார்.

“எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்குது சாமி” என்றார் இவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நானும் நம்பினேன். ஒரு மார்கழி மாதம் கடையில் கூட்டம் இல்லாத நாளில் உட்கார்ந்து ஒரே தேதியை ஐந்தைந்து நிமிஷமாகத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஐந்து இருபத்தைந்துக்கு முந்தின நாள் வந்தது. ஐந்து முப்பதுக்கு அடுத்த நாள் வந்துவிட்டது. மார்கழியில் சூரியன் ஆறரைக்குத்தானே உதிக்கும்? ஆடித் தேதியைப் போட்டேன். அங்கேயும் ஐந்தரை. சித்திரை, ஐப்பசி, எந்த மாதத்தைப் போட்டாலும் ஐந்தரை. அறுபது தேதி பார்த்த பிறகு விஷயம் புரிந்தது. அந்த சைட் ஓடியது வெளிநாட்டில் எங்கோ வாடகைக்கு எடுத்த ஒரு கம்ப்யூட்டரில். அது கிரீன்விச் நேரத்தில் ஓடியது. நமக்கு விடியற்காலை ஐந்தரை ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு பன்னிரண்டு அடித்துத் தேதி மாறும். நம் ஊர் நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அது அந்த முப்பத்திரண்டு பக்கத்தில் இருந்திருக்கும். நாங்கள் எல்லாரும் சூரியன் என்று நினைத்துக் கும்பிட்டது இங்கிலாந்தின் நள்ளிரவை.

அவரிடம் சொன்னேன்.

“சரியா வருதுல்ல சார்?” என்றார்.

“ஐந்தரைக்கும் உதயத்துக்கும் நடுவுல தப்பா வருது. ஆடியில இருபது நிமிஷம். மார்கழியில ஒரு மணி நேரம்.”

“ஒரு நாளைக்கு எத்தினி நிமிஷம் சார்?”

“ஆயிரத்து நானூற்று நாற்பது.”

“அதுல இருவதுதான் தப்பு. அந்த நேரத்துல யாரு சார் சாவப் போறாங்க? எல்லாரும் பால் வாங்க நிக்கிற நேரம்.”

ஆறு மாதம் கழித்து என் எதிர் வீட்டுக்காரர் அந்த நேரத்தில்தான் போனார்.

ஆனி மாதத்தின் கடைசி நாள் முடிந்து ஆடி பிறக்க இருந்த விடியல். அவர் மனைவி, எனக்கு மாமி, கூப்பிட்ட குரலுக்கு ஓடினேன். மூச்சு அடங்கியபோது கையில் கடிகாரம் கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். ஐந்து நாற்பது. பஞ்சாங்கத்தில் அன்றைய உதயம் ஐந்து ஐம்பது. பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் ஆடி. பொறுக்கவில்லை, ஆகவே ஆனி. ஒரே பிள்ளை அமெரிக்காவில். விமானம் பிடித்து வருவதற்குள் தகனம் முடிந்துவிட்டது. தம்பி பிள்ளைதான் கொள்ளி வைத்தான். பிள்ளை பன்னிரண்டு நாள் இருந்து காரியம் முடித்துவிட்டுப் போனான்.

அடுத்த வருஷம் முதல் திதி. அதைக் கொடுப்பது இறந்த மாதத்தில் அதே திதி வருகிற நாளில்; ஆனி ஆடியாக மாறினால் நாளும் ஒரு மாதம் தள்ளிப்போகும். பிள்ளையின் ஈமெயில் கடைக்கு வரும். பிரிண்ட் எடுத்து மாமிக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. இப்படி எழுதியிருந்தான்: அப்பா போன தேதியையும் நேரத்தையும் சைட்டில் போட்டுப் பார்த்தேன், ஆடி வருகிறது. ஆடியில் எனக்குப் புது வேலை ஆரம்பிக்கிறது, அசைய முடியாது. ஆனியாக இருந்தால் வந்திருப்பேன். இங்கே கோவிலிலேயே பண்ணிவிடுகிறேன்.

மாமி இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள்.

“கொள்ளி போடத்தான் வந்து சேரலை” என்றாள். “இந்த ஆத்துல உக்காந்து அவர் பேரைச் சொல்லி அவன் பிண்டம் வெக்கறத நான் ஒரு தடவையாவது பாக்கணும். அடுத்த வருஷம் நான் இருக்கேனோ இல்லியோ.”

“அது ஆனிதான் மாமி. சைட்டுதான் தப்பு.”

“அவனண்ட சொல்லுங்கோ.”

போன் போட்டுச் சொன்னேன். கிரீன்விச்சிலிருந்து ஆரம்பித்து ஒன்பது நிமிஷம் பொறுமையாக விளக்கினேன்.

“நீங்க சொல்றது புரியறது மாமா. ஆனா வாத்தியாரும் ஆடிங்கறார். ரெண்டு பேர் சொல்றதை விட்டுட்டு உங்க ஒருத்தர் பேச்சை எப்படி எடுத்துக்கறது?”

“அந்த ரெண்டு பேரும் ஒரே பெட்டியைப் பாத்துத்தான்டா சொல்றா.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள டிக்கெட் போட்டாகணும் மாமா. சைட்ல மாறினா நான் கெளம்பிடறேன்.”

வாத்தியாரிடம் போய்ப் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது என்றார். “மூணு வருஷமா ஒரு தப்பு வந்ததில்லை ஸ்வாமி. இப்போ மட்டும் எப்படி வரும்?”

மிச்சம் இருந்தது ஒரே வழி. முந்நூற்று அறுபத்தாறு நாளுக்கும் காஞ்சிபுரத்தின் உதய நேரத்தை வரிசையாக எழுதினேன். முழுத்தாளில் பதினொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்து, திங்கட்கிழமை காலையில் அவரிடம் கொடுத்து, மாமியின் கதை முழுவதையும் சொன்னேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“அருமை சார். ஏத்திடறேன்.”

திங்கட்கிழமை மாலை போட்டுப் பார்த்தேன். ஆடி. செவ்வாய்க்கிழமை கேட்டேன். “ஏறிக்கினு இருக்குது சார்” என்றார். ஏறுவதற்கு அது என்ன மாட்டு வண்டியா? மேஜையில் ஒரு பூப்புனித நீராட்டுப் பத்திரிகைதான் ஏறிக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலையில் கேட்டபோது, “ஏறிடுச்சு சார், அங்க தெரிய கொஞ்சம் டைம் ஆவும்” என்றார். அன்று மட்டும் ஒன்பது தடவை போட்டுப் பார்த்தேன். ஒன்பது தடவையும் ஆடி. புதன்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். இவரை நம்பி ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறாளே என்று இரண்டு தடவை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் தேதியைப் போட்டு ஐந்து நாற்பது என்று அடித்தேன். ஆனி.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் முழங்காலுக்கு எவ்வளவு ஓட்டமோ அவ்வளவு. வெள்ளிக்கிழமை பிள்ளை டிக்கெட் போட்டான். வாத்தியாரும் புது பிரிண்டைப் பார்த்துவிட்டு, “நான் அப்பவே நெனச்சேன், ஆனிதான்னு” என்றார்.

ஆனியில் திதி நடந்தது. மாமி உள் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அப்பாவின் பெயரை மூன்று தடவை சொன்னான். முதல் தடவை நாக்கு குழறியது. மூன்றாம் தடவை தெளிவாகச் சொன்னான். மாமி அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிண்டம் வைத்து முடிந்ததும் எழுந்து, “இலை போடச் சொல்லுங்கோ” என்று உள்ளே போனாள்.

நான் பெருமையாகத்தான் இருந்தேன். பதினொரு பக்கம் என்ன, இருபது பக்கம்கூட எழுதலாம் என்று தோன்றியது. அடுத்த நாள் கடைக்குப் போய், என் அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்று ரசிப்பதற்காகச் சில தேதிகளைப் போட்டேன். மார்கழித் தேதி ஒன்று: ஐந்தரை. தை: ஐந்தரை. எதுவும் மாறவில்லை. சந்தேகம் வந்து எதிர் வீட்டுக்காரர் போன அதே தேதியைப் போட்டேன். ஐந்து முப்பத்தொன்பதுக்கு ஆடி. ஐந்து நாற்பதுக்கு ஆனி. ஐந்து நாற்பத்தொன்றுக்கு மறுபடியும் ஆடி.

காலம் தொடங்கியதிலிருந்து ஒரே ஒரு நிமிஷத்தை மட்டும் பிடித்துத் திருத்தியிருந்தார்.

என் பதினொரு பக்கம் எங்கே என்று தேடினேன். பிரிண்டர் ஒரு பக்கம் ஆடாமல் இருப்பதற்காக நான்காக மடித்து அடியில் செருகியிருந்தது.

அவர் கடையில் இல்லை. நேரே மாமி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மாமிக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

“அவர்தான் புதன்கிழமை மத்தியானம் இங்க வந்தாரே, உங்களுக்குத் தெரியாதா? உள்ள வாங்கோன்னேன், வரலை. வாசல்லயே நின்னுண்டு, ‘அம்மா, உங்களுக்கு எந்த மாசம் வேணும்?’னார். பிள்ளைக்கு ஆனியிலதான் வர முடியுமாம்னேன். ‘சரிம்மா’ன்னு போயிட்டார்.”

“வேற எதுவும் கேக்கலையா? மணி கேக்கலையா? உதயம் எப்போன்னு கேக்கலையா?”

“இல்லியே. நல்ல மனுஷர்” என்றாள் மாமி.

சாயங்காலம் கடையில் அவரைப் பிடித்தேன்.

“அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் மாத்தியிருக்கீங்க.”

“சரியா இருக்குதா இல்லியா சார்?”

“சரிதான். ஆனா சரிங்கறதுக்காக நீங்க மாத்தலையே. அவங்களுக்கு வேணுங்கறதுக்காக மாத்தியிருக்கீங்க.”

“சரியா இருக்குது, அவங்களுக்கும் வேணும். ரெண்டும் ஒண்ணாத்தானே சார் இருக்குது. இதுல இன்னா வருத்தம் உங்களுக்கு?”

“அந்த அம்மா ஆடிதான் வேணும்னு சொல்லியிருந்தா? அப்போ என்ன பண்ணியிருப்பீங்க?”

“ஆடின்னா ஏற்கெனவே இருந்துதே சார்” என்றார், நான் ஏதோ குழந்தைத்தனமாகக் கேட்டுவிட்டதைப்போல. “நான் எதையும் தொட்டிருக்கவே மாட்டேனே.”